கடலோர வீட்டில் கிடந்த பழைய சிங்கர் கால் மெஷினை மீண்டும் ஓட வைப்பது எப்படி?

கீழக்கரையில் உங்கள் உம்மாவின் உம்மா தைத்துவந்த சிங்கர் கால் மெஷின், கொழும்பில் கடை வைத்திருந்த அவருடைய கணவர் வாங்கி வந்தது என்றும், அந்த அம்மா காலமான பிறகு பல ஆண்டுகளாகக் கடலைப் பார்த்த மாடி அறையில் பூட்டிக் கிடந்தது என்றும், இப்போது நீங்கள் துபாயிலிருந்து ஊர் வந்து பார்த்தால் சக்கரம் அசையவே மறுக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயிண்ட் அடித்து மோட்டார் மாட்டித் தருவதாகக் கடைக்காரர் சொல்வதை ஏற்கலாமா, அதில் ரவிக்கையும் கைலியும் தைக்க முடியுமா, மறுபடியும் துரு ஏறாமல் எப்படிக் காப்பது என்பவை உங்கள் கேள்விகள். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: மெஷின் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், பெயிண்டும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். நம் கரையில் இந்த மெஷின்களைக் கெடுப்பது தேய்மானம் அன்று, உப்பும் காய்ந்த எண்ணெயும்தான். ஆகவே செய்ய வேண்டிய வேலையும் அந்த இரண்டையும் வெளியேற்றுவதோடு ஏறத்தாழ முடிந்துவிடும்.

சக்கரம் அசையாததைக் கண்டு உள்ளே எல்லாம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது என்று முடிவு செய்துவிடாதீர்கள். மெஷின் எண்ணெய் தீர்ந்த நாட்களில் கையில் கிடைத்த தேங்காய் எண்ணெயை விடும் வழக்கம் நம் பக்கத்து வீடுகளில் உண்டு. தாவர எண்ணெய்கள் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாக இறுகும் இயல்புடையவை. பஞ்சும் தூசியும் அதில் சேர்ந்தால் தாங்கிகளுக்குள் (பேரிங்) பழுப்பு நிற மெழுகு போல உறைந்து, நல்ல இரும்பையே பிடித்து நிறுத்திவிடும். நல்ல மெஷின் எண்ணெய்கூடப் பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்தால் ஓரளவு தடித்துப் போவதுண்டு. உண்மையான துரு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் இடங்களில்தான் இருக்கும்: ஊசித்தண்டு, துணியை அழுத்தும் பாதத்தைத் தாங்கும் பாதத்தண்டு, ஊசி இறங்கும் துளையுள்ள ஊசித்தட்டு, கீழ் நூலைக் கோத்துக் கொடுக்கும் ஷட்டில், திருகுகளின் தலை. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், முலாம் பூசிய பாகத்தில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் அதன் வழியே உள்ளே இறங்கி, முலாமைக் கொப்புளமாக எழுப்பிவிடுகிறது. வார்ப்பிரும்பாலான தலைப்பகுதி மட்டும் அதன் மேலுள்ள கெட்டியான கறுப்புப் பூச்சால் காப்பாற்றப்பட்டிருக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் உங்கள் கையில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் உதிரிப் பாகம் கிடைக்குமா என்பது அதைப் பொறுத்தது. மெஷினின் வலப்பக்கத்தில், தூண் போல் எழும் பகுதியின் அடியில், ஒரு வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணுக்கு முன் ஆங்கில எழுத்து இருந்தால் அது 1900-க்குப் பிந்தையது. வெறும் எண் மட்டும் இருந்தால் அதற்கு முந்தையது. மாதிரி எண்ணில் கே என்ற எழுத்து இருந்தால், உதாரணமாக 15கே என்றிருந்தால், அது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் 1980-ல் மூடப்பட்ட சிங்கர் ஆலையில் செய்யப்பட்டது. கொழும்பு வழியாக வந்தது என்ற உங்கள் குடும்பக் கதை நம்பத்தக்கதே: 1914 முதல் 1964 டிசம்பர் புயல் வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் போக்குவரத்து இருந்தது, சபராளிகள், அதாவது கடல் கடந்து பிழைக்கப் போனவர்கள், ஊருக்குக் கொண்டு வந்த சாமான்களில் தையல் மெஷினுக்குத் தனி மதிப்பும் இருந்தது.

இடப்பக்கத்தில், கீழ் நூல் சுற்றிய உருண்டையான பாபினும் அதைப் பொதியும் கேஸும் செங்குத்தாக உட்காரும் வகையாக இருந்தால் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. அது சிங்கர் 15 வகையைச் சேர்ந்தது. ஜப்பானியர்கள் போருக்குப் பின் பெருமளவில் நகலெடுத்ததும், நம் நாட்டு உஷா முதலிய பல மெஷின்கள் பின்பற்றியதும் அந்த அமைப்பைத்தான். அதனால் அதற்கான பாபின், கேஸ், ஷட்டில், ஊசி எல்லாம் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ எந்த உதிரிக் கடையிலும் இன்றும் கிடைக்கும். லூதியானாவிலிருந்து வரும் உதிரிகளில் தரம் ஒரே சீராக இராது. புதிய பாபின் கேஸின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, நெருடினால் வேறொன்று கேளுங்கள். மாறாக, நீண்ட மெலிந்த பாபினும் வத்தைப் படகு வடிவிலான ஷட்டிலும் முன்னும் பின்னும் ஆடும் பழைய வகையாக இருந்தால், ஷட்டிலையும் இருக்கிற பாபின்களையும் நகையைப் போலப் பத்திரப்படுத்துங்கள், ஏனெனில் தொலைந்தால் தேடிப் பிடிப்பது சிரமம். அதனினும் பழைய சிங்கர் 12 வகைக்கு ஊசி கிடைப்பதே அரிது; அது மட்டும் காட்சிக்கு வைக்கத்தக்கது என்பது என் கருத்து.

இனி இளக்கும் வேலை. சக்கரத்தைப் பலம் கொண்டு திருப்புவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் காரியம், அதுவே செய்யக் கூடாதது. நம் கரையில் காற்றோடு வரும் நுண்மணல் தாங்கிகளுக்குள் இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுற்றினால் அது சாணைக்கல்லின் வேலையைச் செய்துவிடும். ஊசியைக் கழற்றிவிட்டு, பாபினையும் கேஸையும் வெளியே எடுத்து, ஊசித்தட்டையும் முகப்புத் தகட்டையும் அவிழ்த்து, காய்ந்த தூரிகையால் மணலையும் பஞ்சையும் முழுவதும் துடைத்தெடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் பின்னால் யாரையும் கேட்க வேண்டியிராது. ஷட்டில் ஓடும் வளையத்துக்குள் பழைய நூல் சுருண்டு இறுகியிருக்கிறதா, கைச்சக்கரத்தின் பின்னால் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். முற்றிலும் பிடித்துப்போன மெஷின்களில் இந்த நூல் சிக்கல் ஒரு பெரும் காரணமாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அதன் பிறகு, எண்ணெய் விடும் துளைகள் அனைத்திலும், உலோகத்தின் மேல் உலோகம் உரசும் இடங்கள் அனைத்திலும், மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். அடுப்படியில் செய்யாமல் காற்றோட்டமான திறந்தவெளியில் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று படகு டீசலைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. அதுவும் பிசினை இளக்கும், ஆனால் நெடி மரப்பலகையில் ஏறிப் பல வாரங்கள் துணியிலும் தங்கும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. மறுநாள் கைச்சக்கரத்தை முன்னும் பின்னுமாக மிக மெல்ல ஆட்டுங்கள். நூலிழை அளவு அசைந்தாலும் போதும். மீண்டும் மண்ணெண்ணெய், மீண்டும் காத்திருப்பு, மீண்டும் ஆட்டம். பிடிவாதமான இடத்தில் முடி உலர்த்தும் கருவியின் சூடான காற்றைக் காட்டினால் உறைந்த எண்ணெய் உருகி வழிவதைக் கண்ணாலேயே காணலாம். இதற்கு ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். அவசரப்பட்டுச் சுத்தியல் எடுத்தால் வார்ப்பிரும்பு வளையாது, உடையும், உடைந்ததை நம்மூர் வெல்டிங் பட்டறையில் நம்பிக்கையாக ஒட்டவும் முடியாது.

சக்கரம் முழுச் சுற்றுச் சுற்றத் தொடங்கியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்குமே தவிர உராய்வுக்கு எண்ணெயாக நிற்காது. வழியும் கறுப்புத் திரவத்தைத் துடைத்துத் துடைத்து, அது தெளிவாக வரும் வரை தொடர்ந்து, அதன் பின் நிறமற்ற தையல் மெஷின் எண்ணெயை ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு விட்டு, சில நிமிடங்கள் சக்கரத்தைச் சுற்றி, மிகுந்ததைத் துடைக்க வேண்டும். துருவை இளக்கவென்று விற்கும் தெளிப்பான்களும் இதே போல இளக்குவதற்கு மட்டுமே. அவற்றை நிரந்தர எண்ணெயாக நம்பி ஓட்டியதால் மறுபடி இறுகிப்போன மெஷின்கள் நிறையவே பழுதுக்கு வருகின்றன.

கழற்றிய சிறு இரும்புப் பாகங்களின் துருவை நீக்குவதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி வைத்துத் தேய்ப்பது வழக்கம்; பளபளப்பு உடனே தெரியும், ஆனால் புளியின் அமிலமும் துருவுக்கு அடியில் தங்கிய உப்பும் சேர்ந்து சில நாட்களிலேயே பழுப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். உப்பு வெளியேற வேண்டுமானால் நல்ல தண்ணீரில் அலசித்தான் ஆக வேண்டும், நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது. ஆகவே பிடித்து வைத்த மழைநீரையோ குழாயில் வரும் காவிரிக் குடிநீரையோ சுட வைத்து, கழற்றிய பாகங்களை மட்டும் அதில் சில முறை மாற்றி மாற்றி அலசி, உடனே துடைத்து, வெயிலில் சூடேறும் வரை காய வைத்து, சூடு ஆறும் முன்பே எண்ணெய் பூசிவிடுங்கள். மீதமுள்ள துருவை மிக நுண்ணிய எஃகுக் கம்பளியில் எண்ணெய் நனைத்துத் தேய்க்கலாம். ஊசித்தண்டிலும் பாதத்தண்டிலும் உப்புத்தாள் படவே கூடாது. அவை மிகத் துல்லியமான அளவில் கடையப்பட்டவை, தேய்ந்தால் ஊசி தள்ளாடும். மெஷின் தலையின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

இப்போது பெயிண்ட் பற்றிய கேள்விக்கு வருகிறேன். கறுப்புப் பூச்சு சூளையில் சுட்டுப் படிய வைக்கப்பட்டது. அதன் மேல் ஒட்டிய பொன்னிறப் பூவேலையும் எழுத்துகளும் மெல்லிய அரக்கு வார்னிஷால் காக்கப்பட்டவை. ஸ்பிரிட், தின்னர், சோப்புக் கரைசல் எதைக் கொண்டு துடைத்தாலும் அந்த வார்னிஷும் அதோடு பொன் எழுத்தும் போய்விடும். மெஷின் எண்ணெயை மென்மையான பருத்தித் துணியில் நனைத்து, அழுத்தாமல், வட்டமாகத் துடைப்பது ஒன்றே பாதுகாப்பானது. நீங்கள் அனுப்பிய விவரத்தின்படி எழுத்து பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கிறது. அதைச் சுரண்டிவிட்டு மோட்டார் வாகனங்களுக்கு அடிக்கும் பெயிண்டைப் பூசி, புதிய ஸ்டிக்கர் ஒட்டித் தருவது பழுதுபார்ப்பு ஆகாது. போதாக்குறைக்கு அந்தப் பெயிண்ட் எண்ணெய்த் துளைகளை அடைத்து, திருகுகளையும் ஒட்ட வைத்துவிடுகிறது. காரைக்குடியில் பழம்பொருள் தேடி வருபவர்கள்கூட மங்கிய அசலுக்கே கை நீட்டுவார்கள்.

மெஷினுக்குக் கீழே மிதியோடு நிற்கும் கால் பகுதியின் கதை வேறு. அந்த வார்ப்பிரும்புச் சட்டத்துக்குப் பெயிண்ட் தாராளமாக அடிக்கலாம், அடிக்கவும் வேண்டும். கம்பித் தூரிகையால் துருவை நீக்கி, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு கொடுத்து, மேலே கறுப்பு எனாமல் அடித்தால் போதும். சட்டத்தின் பாதங்கள் மட்டும் ஏன் மற்ற இடங்களைவிட அதிகமாக அரித்திருக்கின்றன என்று வியந்திருப்பீர்கள்: உப்புத் தண்ணீரால் தரையைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் அவை நனைகின்றன. பாதங்களின் அடியில் ரப்பர்க் கட்டைகளை வைத்துச் சிறிது உயர்த்திவிடுங்கள். மிதியையும் பெரிய சக்கரத்தையும் இணைக்கும் தண்டின் இரு முனைகளிலும் எண்ணெய் விட்டால் பெரும்பாலான சத்தம் நின்றுவிடும். பழைய தோல் பெல்ட் இறுகி வெடித்திருக்கும் என்பதால் அதை மாற்றியே தீர வேண்டும். மழைக்காலத்தில் தோல் தளர்ந்து வழுக்கும், கோடையில் சுருங்கி இறுகும். தளர்ந்தால் கொஞ்சம் நறுக்கி மறுபடி கம்பிக் கொக்கியால் இணைத்துக்கொள்ளலாம்.

தைக்கத் தொடங்கும் முன் சரி பார்க்க வேண்டியவற்றில் முதன்மையானது ஊசி. பழைய ஊசியைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாகவும், அதற்கு எதிர்ப்பக்கம் நீண்ட பள்ளத்தோடும் இருக்கும்; நூல் எந்தப் பக்கத்திலிருந்து கண்ணுக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம்தான் நீண்ட பள்ளம் இருக்க வேண்டும். இதை மாற்றி மாட்டியதால் தையல் விழாமல், மெஷினே பழுது என்று ஒதுக்கப்பட்டவை எத்தனையோ. அடுத்தது டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம். பாதத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு நூல் கோக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் பெரும்பாலான மெஷின்களில் டென்ஷன் தட்டுகள் திறந்திருக்கும். பாதம் இறங்கிய நிலையில் கோத்தால் நூல் தட்டுகளுக்கு இடையே உட்காராது. துணியின் அடியில் நூல் கூடு கட்டுவதற்கு எல்லோரும் பாபினைக் குறை சொல்வார்கள், ஆனால் குற்றவாளி பெரும்பாலும் மேல் நூல்தான். பாபின் கேஸை அதன் நூலில் தொங்கவிட்டு மெல்ல உதறினால் சிறிது இறங்கி நிற்க வேண்டும்; தானாகவே வழுக்கி விழுந்தால் அதன் சிறு திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்குங்கள். அந்தத் திருகு கடுகளவே இருக்கும் என்பதால், வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துச் செய்வது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் தையல் தவறினால், ஊசி கீழ்நிலைக்குப் போய் ஏறத்தாழ 2 மி.மீ. மேலேறும் போது ஷட்டிலின் கூர்முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே கடக்கிறதா என்று பாருங்கள். கடக்கவில்லை என்றால் ஊசித்தண்டின் உயரம் எப்போதோ மாற்றப்பட்டிருக்கிறது. அதை மட்டும் அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள்.

பாபினில் நூல் சுற்றும்போது கைச்சக்கரத்தின் நடுவிலுள்ள பெரிய குமிழைத் தளர்த்தினால் ஊசி ஓடாமல் சக்கரம் மட்டும் சுற்ற வேண்டும். குமிழைக் கழற்றிச் சுத்தம் செய்த பின் இது நடக்கவில்லை என்றால், அல்லது இறுக்கிய பிறகும் ஊசி ஓடவில்லை என்றால், உள்ளேயிருக்கும் நாக்கு வைத்த வாஷர் மாறி உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்து அரைச் சுற்றுத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும்.

மோட்டார் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் பழமையின் மேலுள்ள பற்று மட்டுமன்று. மலிவான மோட்டாரின் செம்பு பாகங்களும் மின் இணைப்புகளும் உப்புக்காற்றில் மெஷினைவிட வேகமாகக் கெடுகின்றன. எண்ணெய் காயாமல் பார்த்துக்கொண்டால் பல பத்தாண்டுகள் ஓடக்கூடிய ஒன்றோடு சில ஆண்டுகளில் போகும் ஒன்றைக் கட்டுவது நல்ல கணக்கன்று. வாடைக் காலத்து மின்வெட்டிலும் கால் மெஷின் ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கழுத்து வளைவிலும் கை மூட்டும் இடத்திலும் ஒவ்வொரு தையலாக நிறுத்தி நிறுத்திப் போக மிதியால் முடிகிறது. முழங்கால் வலியால் மிதிக்க முடியாதவர்களுக்கு மோட்டார் மாட்டுவதை நான் தடுக்க மாட்டேன். அப்போது மூன்று முனை இணைப்பும் சரியான எர்த்தும் கட்டாயம்.

ரவிக்கை, பாவாடை, குழந்தைச் சட்டை, தலையணை உறை, கைலி மூட்டுவது ஆகிய அனைத்தையும் இந்த மெஷின் புதிய மெஷின்களைவிட நேர்த்தியாகச் செய்யும். பருத்தி ரவிக்கைத் துணிக்கு 11 அல்லது 14 எண் ஊசியும், ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16 எண் ஊசியும், அங்குலத்துக்கு 10 முதல் 12 வரையான தையலும் பொருந்தும். நேர்த்தையல் மட்டுமே விழும் என்பதால் ஓரம் பிரியாமல் இருக்க இரட்டை மடிப்புத் தையல் போட வேண்டியிருக்கும். ஓவர்லாக் அடித்த ஓரத்தைவிட அதுவே நெடுநாள் நிற்கிறது. இழுபடும் பனியன் துணியில் தையல் விட்டுவிட்டு விழும், அதற்கு இது ஏற்றதன்று. படகுப் பாய், தார்ப்பாய் தைக்கச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அதற்கான கனரக மெஷின்கள் வேறு. மிகப் பழைய வகைகளில் பின்னோக்கித் தைக்கும் வசதி இராது. தையலின் முடிவில் துணியைத் திருப்பி நான்கைந்து தையல் போட்டுக்கொள்ளலாம். மிதி பழக்கத்துக்கு முதலில் நூலில்லாமல் காகிதத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள். கைச்சக்கரம் எப்போதும் உங்களை நோக்கியே சுழல வேண்டும். எதிர்த்திசையில் ஓடினால் நூல் சிக்கி அறும். நூல் கோத்த மெஷினைத் துணியில்லாமல் ஓட்டக் கூடாது.

இனிக் காப்பது பற்றி. கடலைப் பார்த்த ஜன்னலருகே வைக்காமல் உள் அறையின் சுவரோரம் வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும், பருத்தித் துணி உறை போதும். நாள் முழுவதும் தைப்பவர்கள் நாள்தோறும் எண்ணெய் விட வேண்டும் என்பதே சிங்கரின் பழைய கையேடுகள் சொல்வது. உங்களைப் போல எப்போதாவது தைப்பவர்கள் வாரம் ஒருமுறையாவது, தைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும், சில நிமிடங்கள் மெஷினை ஓட்டி, ஊசித்தண்டையும் தட்டையும் எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவது எந்த விலையுயர்ந்த ரசாயனத்தையும்விட மேலானது. ஐப்பசி தொடங்கி வாடைக் காற்று வீசும் மாதங்களில் இதைத் தவற விடாதீர்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு துபாய்க்குத் திரும்பும் முன், பூச்சில்லாத எஃகுப் பாகங்கள் அனைத்திலும் வாசலினை மெல்லிதாகப் பூசி, பாதத்தின் அடியில் ஒரு துண்டுத் துணியை வைத்து இறக்கி, பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து கழற்றித் தொங்கவிட்டுச் செல்லுங்கள். சாவியை ஒப்படைக்கும் உறவினரிடம் மெஷினுக்கும் எண்ணெய் விடச் சொல்லலாம், ஆனால் எண்ணெய்ப் புட்டியையும் கூடவே கொடுத்துவிட்டுப் போங்கள். இல்லையென்றால் மறுபடியும் தேங்காய் எண்ணெய்தான் ஏறும்.